இருபது காசின் மேல்

மூன்று நாளாக லாபிஸில் குழாய் இருமிக்கொண்டிருக்கிறது.
லாரி வந்து நிரப்பிவிட்டுப் போன நீலத் தொட்டியிலிருந்து
அரை வாளி கேட்டேன்.
"பாடத்துக்கா, கக்கூசுக்கா?" என்றார் காவலாளி.
பாடத்துக்கு என்றதும்
கால் வாளி தந்தார்.

முதலாம் ஆண்டு மல்லிகை. இருபத்து நான்கு பேர்.
வீட்டிலிருந்து ஆளுக்கு ஓர் இருபது காசு,
இருவருக்கு ஒரு மருந்துச் சொட்டான்.
எத்தனை சொட்டு தாங்கும்?
மூன்று என்றான் முகிலேஷ்.
நூறு என்றான் கவிநேசன்,
அவனுக்கு எல்லாமே நூறுதான்.

பத்து. பதினைந்து.
விளிம்பைத் தொட்ட பிறகும் இறங்காமல்
தண்ணீர் வயிறு உப்பி நின்றது.
மேசையில் கன்னம் ஒட்டிப் பார்த்தார்கள்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
சன்னலை உலுக்கிக்கொண்டு மில்லுக்குப் போனது.
தொப்பைகள் நடுங்கின. கொட்டவில்லை.

"டீச்சர், அது மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருக்கு."

வழிகாட்டி நூலில் 'பரப்பு இழுவிசை' என்றிருந்தது.
அதைப் பலகையில் எழுதவில்லை.
தண்ணிக்குள்ள எல்லாரும் கை கோத்திருக்காங்க, என்றேன்.
மேல நிக்கிறவங்களுக்கு மேல ஆள் இல்ல,
அதனால பக்கத்துக் கையை இறுக்கிப் பிடிக்கிறாங்க.
"எங்க லயத்துல கடைசி வீட்டு அத்த மாதிரி,"
என்றாள் ஹேமவர்ஷா,
"அவங்களுக்கு ஒரு பக்கம்தான் வீடு.
எப்பவும் எங்க வீட்லதான் இருப்பாங்க."

பலகையில் எண்கள்: இருபத்தேழு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது.
கவிநேசன் அறுபது. (இருபதுக்கு அப்புறம் அவன்
சொட்டு விடாமலே எண்ணினான்.)
துர்காஷினி ஒன்பது.
மறுபடி, பதினொன்று.
மறுபடி, எட்டு.
கை நடுங்குதும்மா, மெதுவா, என்றேன்.
கை நடுங்கவில்லை.
பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
அவள் காசில் மட்டும் தண்ணீர் நிமிரவே இல்லை,
இரவு வேலை முடிந்து வந்தவர் பாயில் விழுவதுபோல்
தட்டையாகப் படுத்துவிட்டது.

அடுத்து மிளகுத்தூள்.
தட்டில் தண்ணீர், மேலே தூள்.
சோப்பு இன்னும் என் பைக்குள்.
முதல்ல சும்மா விரல் வைங்க, ஒண்ணும் ஆகாது.
ஏழு பேர் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.
முகிலேஷ் விரலை நக்கிப் பார்த்துத் தும்மினான்.

எட்டாவதாக அவள்.

ஓடியது மிளகு.
பசார் வாசலில் பஸ் ஹார்ன் கேட்ட புறாக்கூட்டமாய்
நாலா பக்கமும் விளிம்புக்கு.
நடுவில் வெறுந்தண்ணீர், அதில் ஒரு சுட்டுவிரல்.

பக்கத்து வகுப்பு எட்டிப் பார்க்குமளவு கத்தினார்கள்.
"மேஜிக் டீச்சர்! இவ மேஜிக்!"
அவள் கையை எடுத்து முகர்ந்தேன்.
எலுமிச்சை வாசம்,
பெரிய போத்தலில் வரும் மலிவான பச்சைத் திரவம்.
நகக்கண்ணில் சம்பல் சிவப்பு.

"காலையில தட்டு கழுவுனேன் டீச்சர், அம்மா நாசி லெமாக் கடையில.
தண்ணி இல்லல, அதான் சரியா அலசல.
காசும் கடக் காசுதான்."

அவள் குரலில் கூச்சம் இல்லை.
கை நடுங்குது என்று சொன்னவள்தான்
பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப ஒம்பது தப்பில்லையா?" கவிநேசன்.
தப்பில்ல. உன் அறுபதுதான் தப்பு.

வாளியில் ஒரு குவளை மிச்சம்.
அதைத் தரச் சொல்லி அவளே கேட்டாள்.
பாதியில் கையை அலசினாள், காசை அலசினாள்,
பாவாடையில் துடைக்கப் போனவளை
"அதுலயும் சோப்பு இருக்கும்!" என்று தடுத்தான் முகிலேஷ்.
காற்றிலேயே காய வைத்தாள்.
மறுபாதி சொட்டானுக்கு.

பன்னிரண்டு. பத்தொன்பது.
ஓய்வு மணி அடித்தது, ஒருவரும் எழவில்லை.
இருபத்தாறு.
வாளியைக் கேட்டு வந்த காவலாளி
வாசலில் நின்று, "பாடம் முடிஞ்சதா?" என்றார்.

"ஷ்ஷ்," என்றது வகுப்பு,
மூச்சு காசில் பட்டுவிடாமல்
வாயைக் கையால் மூடிக்கொண்டு.